பூவின் நிறமும் படத்தின் நிறமும்

தாயகத்தை விட்டு வடபுலம் வந்து வாழும் தமிழர் இல்லங்களில் பூக்கள் பலவும் படங்களாகவே வாழ்கின்றன. செங்காந்தளை வேலியோரத்தில் கண்டு வளர்ந்தவர்கள் நம்முள் முதியோர் சிலரே. தில்லியில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளோ அதனைக் கைப்பேசித் திரையிலும் பாடநூலின் தாளிலும் மட்டுமே அறிந்தவர்கள். குறிஞ்சியும் நெய்தலும் அவர்களுக்கு முதலில் திணைகளின் பெயர்கள், பின்னரே பூக்கள். ஆகவே ஒரு பூவின் படம் எந்த நிறத்தில் அமைகின்றதோ அந்த நிறமே அப்பூவின் நிறமாக அவர்கள் உள்ளத்தில் பதிந்து விடுகின்றது. திருத்துவதற்குப் பக்கத்தில் பூ இல்லை. இக்காரணம் பற்றியே, ஒளிப்படக் கலைஞர்களின் தொழில் நுணுக்கம் என்று பிறர் ஒதுக்கிவிடக் கூடிய ஒரு செய்தியை, நடுவணரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகக் காலங்கழிக்கும் நாம் இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

நாள்தோறும் வாட்ஸ்அப் வழியே வந்து குவியும் காலை வணக்கப் படங்களைச் சற்று உற்று நோக்குங்கள். சிவப்பு ரோசா ஒன்று இருக்கும். அதன் விளிம்பு தெரியும். உள்ளே இதழ் மேல் இதழாக மடிந்த மடிப்புத் தெரியாது. இதழின் மேல் ஓடும் மெல்லிய நரம்பு தெரியாது. அரக்கை உருக்கி ஊற்றியது போன்ற ஒரே சிவப்பு. அனுப்பியவர் நிறத்தைக் கூட்டிவிட்டார் என்று நாம் எண்ணுவோம். பல நேரங்களில் அவர் ஒன்றும் செய்திருக்கமாட்டார். தம் குடியிருப்பின் முற்றத்தில் பூத்த பூவைக் கைப்பேசியால் எடுத்து அப்படியே அனுப்பியிருப்பார். நிறத்தைக் கெடுத்தது கருவியே.

இது எவ்வாறு நிகழ்கின்றது? டிஜிட்டல் கேமராவின் உள்ளே ஒளியை வாங்கும் தகட்டில் மிகச் சிறிய ஒளிக்குழிகள் இலட்சக்கணக்கில், இக்காலக் கருவிகளில் கோடிக்கணக்கில், உள்ளன. அவை ஒளியின் அளவை அறியுமேயன்றி நிறத்தை அறியா. எனவே ஒவ்வொரு குழியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிற வடிகட்டியை அமைத்துள்ளனர். ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்பார் 1976-இல் காப்புரிமை பெற்ற முறை இது. குழிகளுள் பாதி பச்சைக்கு. எஞ்சிய பாதியைச் சிவப்பும் நீலமும் பகிர்ந்து கொள்கின்றன. இம்மூன்று நிறப் பங்குகளும் சேர்ந்தே படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தருகின்றன. நாம் அன்றாடம் கையாளும் ஜேபெக் படத்தில் ஒவ்வொரு பங்குக்கும் 0 முதல் 255 வரை அளவு உண்டு.

படியால் நெல் அளப்பதை நினைத்துக் கொள்ளுங்கள். படி நிறைந்த பின் மேலும் கொட்டினால் நெல் வழியும். எவ்வளவு வழிந்தது என்பதைப் படி சொல்லாது. 255 என்பது படியின் விளிம்பு. சிவந்த பூவின் ஓரிடத்தில் சிவப்பொளி சற்று மிகுதி, மற்றோரிடத்தில் இன்னும் மிகுதி என்றால் இரண்டுமே 255 என்று பதிவாகிவிடும். இரண்டிற்கும் இடையே இருந்த வேறுபாடுதான் இதழின் மடிப்பும் நரம்பும். அந்த வேறுபாடு வழிந்து போனபின் எஞ்சுவது அரக்குச் சிவப்பே.

இவ்வளவு ஒளியைக் கேமரா ஏன் உள்ளே விட வேண்டும், அதற்குத்தான் ஒளியை அளந்து தானே சரிசெய்யும் அறிவு இருக்கின்றதே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். பொலிவைக் கணக்கிடும் வழக்கமான முறையில் நூறு பங்கில் ஏறக்குறைய 72 பங்கு பச்சைக்கு, 21 பங்கு சிவப்புக்கு, 7 பங்கே நீலத்துக்கு. மனிதக் கண்ணின் இயல்பைப் பின்பற்றி அமைந்த கணக்கு இது. பச்சை இலைகளின் நடுவே இருக்கும் கருஞ்சிவப்பு டேலியா இக்கணக்கில் இருண்ட பொருளாகவே தோன்றும். இருண்டிருக்கின்றதே என்று கருவி ஒளியைக் கூட்டும். சிவப்புப் படி வழியும். கேமராத் திரையில் ஹிஸ்டோகிராம் என்னும் ஒளிப்பரவல் வரைபடத்தைப் பார்ப்பவர்களும் இதனால் ஏமாறுவதுண்டு. பொலிவை மட்டும் காட்டும் ஒற்றை வரைபடம் எல்லாம் நலம் என்றே சொல்லும். மூன்று நிறங்களுக்கும் தனித்தனியே காட்டும் வரைபடத்தைத் திறந்தால்தான் சிவப்பு வலப்புறச் சுவரில் முட்டி நிற்பது தெரியும்.

நிறம் செறிந்து தட்டையாவதோடு இக்கேடு நிற்பதில்லை. நிறமே வேறாகிவிடுவதும் உண்டு. செண்டுமல்லியில் ஆரஞ்சு நிறத்தது ஒன்று, மஞ்சள் நிறத்தது ஒன்று. ஆரஞ்சுப் பூவில் சிவப்புப் பங்கு முதலில் விளிம்பை எட்டி நின்றுவிடும். பச்சைப் பங்கோ மேலும் ஏறிக்கொண்டே இருக்கும். சிவப்பு நிற்கப் பச்சை ஏறினால் ஆரஞ்சு மஞ்சளை நோக்கி நகரும். பூக்கடையில் இரு குவியலாக இருந்தவை படத்தில் ஒரே குவியலாகத் தோன்றுவதன் காரணம் இதுவே. மே மாத வெயிலில் அம்ரிதா ஷேர்கில் சாலையில் பொன்சரமாகத் தொங்கும் சரக்கொன்றையில் சிவப்பு, பச்சை இரண்டும் சேர்ந்தே வழிந்துவிடும். பூங்கொத்து முழுவதும் மஞ்சள் பூசிய சுவராகிவிடும். செங்காந்தளுக்கு நேர்வது இன்னும் கொடிது. அதன் இதழ் அடியில் மஞ்சளாய் நுனியில் சிவப்பாய் இருப்பது. நாள் செல்லச் செல்ல மஞ்சள் மறைந்து சிவப்பு முழுவதும் பரவும். மஞ்சள் எங்கே முடிந்தது, சிவப்பு எங்கே தொடங்கிற்று என்று விரல் வைக்க முடியாத அந்த மயக்கமே காந்தளின் அழகு. செறிவு மிகுந்த படத்தில் இரண்டுக்கும் இடையே கோடு கிழித்தாற்போல் எல்லை விழுந்துவிடுகின்றது.

2018-இல் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தபோது, விடுப்புப் பயணச் சலுகையில் குடும்பத்தோடு ஊருக்குச் சென்றிருந்தோம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் பூ, அடுத்தது 2030. தவறவிட மனம் வரவில்லை. நம் இளைய மகளுக்கு அப்போது எட்டு வயது. தில்லித் தமிழ் வகுப்பில் ஐந்திணைப் பூக்களுக்கு வண்ணம் தீட்டியிருந்தாள். யாரோ கைப்பேசியில் அனுப்பிய படத்தைப் பார்த்துக் குறிஞ்சிக்கு அவள் இட்டது மை கொட்டியது போன்ற அடர்ந்த ஊதா. மலைச்சரிவில் புதரருகே போய் நின்றவள் பூவையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா, இது ஏன் வெளுத்துப் போயிருக்கிறது? நல்ல குறிஞ்சி எங்கே இருக்கிறது?" என்றாள். "இதுதான் கண்ணு அதன் நிறம்" என்று அவள் பாட்டி சொல்லியும் முகம் தெளியவில்லை. நீலம் கலந்த மெல்லிய ஊதா. மணி போன்ற சிறு பூ. தனிப்பூ அடக்கமாய் இருக்க, ஆயிரம் ஆயிரமாய்ச் சேர்ந்தபின் மலைக்கே நிறம் ஏற்றுவது. அவ்வளவையும் நேரில் கண்ட குழந்தைக்கு அது குறைபட்ட பூவாகத் தோன்றிற்று. பாட்டி கையில் வைத்திருந்த வெள்ளைக் கடித உறையைப் பூவின் பின்னே பிடிக்கச் செய்து ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்கினோம். பொய்ந்நிறம் பொய்யாக மட்டும் இருந்துவிட்டால் பெருந்தீங்கில்லை. உண்மையைக் கண்ட பின்னும் அதனை வெளுப்பென்று எண்ணச் செய்கின்றதே, அதுவே நாம் அஞ்சுவது.

கருவி செய்வோர் இதனை அறியாதவர்கள் அல்லர். செறிந்த நிறம் விலைபோகின்றது என்பதனால் அவர்களே அதற்கு இடம் வைக்கின்றனர். ஃபிலிம் இருந்த காலத்திலும் 1990-இல் ஃபியூஜி நிறுவனம் வெளியிட்ட வெல்வியா என்னும் ஃபிலிம் செறிந்த நிறத்துக்காகவே புகழ் பெற்றது. இன்று கைப்பேசிகள் பலவற்றில், எதிரே இருப்பது பூ என்று கருவி தானே கண்டுகொண்டு நிறத்தை ஏற்றிவிடும் வசதி உள்ளது. செறிந்த நிறத்தின்மேல் நமக்குப் பகையில்லை என்பதையும் ஈண்டுச் சொல்லிவிட வேண்டும். கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்து நாட்காட்டிகளில் வீடுதோறும் குடியேறிய முருகனும் இலக்குமியும் மங்கலான நிறத்தில் இருந்திருந்தால் நமக்கு ஒப்பியிராது. தெய்வத் திருவுருவுக்கு அந்த ஒளி தகும். குழந்தைக்கு இதுதான் குறிஞ்சி என்று காட்டும் படத்தின் பணி வேறு.

இனி, செய்யத்தக்கன யாவை? படம் எடுக்கும்போதே செய்வது, எடுத்தபின் செய்வதினும் பத்து மடங்கு பயன் தரும். சிவப்பு, மஞ்சள், ஊதாப் பூக்களுக்கு ஒளியளவை முதலிலேயே குறைத்துவிட வேண்டும். கேமராவில் எக்ஸ்போஷர் ஈடு என்னும் அமைப்பை மூன்றில் இரண்டு அல்லது ஒரு படி கீழே வைத்தால் பெரும்பாலும் போதும். கைப்பேசியில் பூவின்மேல் விரலால் தொட்டு, அருகே தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் அதுவே. படம் சற்று இருண்டு தோன்றும், அஞ்ச வேண்டா. இருண்டதைப் பின்னர் வெளுப்பாக்கலாம். வழிந்ததை அள்ள முடியாது. 'விவிட்' என்னும் நிற அமைப்பு இருப்பின் அதனை அகற்றி 'நியூட்ரல்' என்பதை வைக்க வேண்டும். நண்பகல் வெயிலைத் தவிர்க்க வேண்டும். தில்லிவாசிகளுக்கு இதில் ஒரு பேறு உண்டு. நாம் ஓயாமல் குறைகூறும் தை மாதத்து மூடுபனிக் காலை, பூவைப் படமெடுக்க ஏற்ற மென்மையான ஒளியைத் தருவது. வெயிலில் எடுத்தே தீர வேண்டுமாயின் வெள்ளைத் துணியையோ வெள்ளைக் குடையையோ பூவுக்கு மேலே பிடிக்கலாம். வண்ணக்குடை ஆகாது, குடையின் நிறமும் பூவின்மேல் இறங்கிவிடும்.

இவற்றோடு ஒரு வெள்ளைத் தாள், இயன்றால் சாம்பல் நிற அட்டை. முதற்படத்தில் அதனைப் பூவின் அருகே வைத்து எடுத்துவிட்டுப் பிறகு அகற்றிவிடலாம். நிழலில் எடுத்த முல்லைக்கு நீலம் ஏறிவிடுவதும், மாலை வெயிலில் எடுத்ததற்கு மஞ்சள் ஏறிவிடுவதும் இயல்பு. அருகே உள்ள தாள் வெள்ளையாகும்வரை கணிப்பொறியில் திருத்தினால் பூவும் உடன் திருந்திவிடும்.

'ரா' என்னும் கோப்பு வகையைப் பற்றி நம் அலுவலக மொழியிலேயே சொல்லலாம். ஜேபெக் என்பது மேலதிகாரி திருத்தி ஒப்பமிட்டு வெளிச்சென்ற கடிதம். ரா என்பது குறிப்புத் தாள்கள் அனைத்தும் உள்ளே இருக்கும் கோப்பு. ஜேபெக்கில் ஒரு நிறப் பங்குக்கு 256 படிநிலைகளே; ராவில் 12 பிட் என்றால் 4,096, 14 பிட் என்றால் 16,384. கடிதம் வெளிச்சென்றபின் அதில் இல்லாத செய்தியைத் தேடிப் பயனில்லை. கோப்பு கையில் இருந்தால் மறுபடியும் எழுதலாம். எனவே ராவில் எடுக்கும் வசதி இருப்பின் அதனைப் பயன்படுத்துவதே நன்று. கிம்ப், டார்க்டேபிள் போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைப்பதால் எழுத்தர் ஊதியத்திலும் இதற்குக் குறையில்லை.

எடுத்த படத்தைத் திருத்துவோர் பலரும் முதலில் கை வைப்பது சாச்சுரேஷன் என்னும் முழுச்செறிவுக் கட்டுப்பாட்டில். அதனைக் குறைத்தால் பூவோடு இலையும் மண்ணும் சேர்ந்து வெளிறும். பூவும் நலம் பெறாது, சூழலும் கெடும். சிவப்பு மிகுந்தால் சிவப்பை மட்டுமே தொட வேண்டும். அதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் ஒளியைக் குறைத்துப் பார்க்க வேண்டும். செறிவு என்று நாம் எண்ணியது பலகால் ஒளியின் மிகுதியே. அதன்பின் அந்த ஒரு நிறத்தின் செறிவைச் சிறிது சிறிதாக இறக்க வேண்டும். நரம்பும் மடிப்பும் தோன்றத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடலாம். அப்படியும் தோன்றவில்லையாயின் மூன்று நிறப் பங்குகளையும் தனித்தனியே கறுப்பு வெள்ளைப் படங்களாக்கிப் பார்க்க வேண்டும். தில்லிச் சாலையோரங்களில் மாசி, பங்குனியில் இலையின்றிப் பூத்து நிற்கும் இலவம்பூவை இவ்வாறு பார்த்தது நமக்கு இன்றும் வியப்பே. சிவப்புப் பங்கில் பூ வெறும் வெள்ளைத் திட்டு. பச்சைப் பங்கிலோ தடித்த இதழின் வளைவும் வரியும் சிதையாமல் அப்படியே இருந்தன. சிவப்பை 85 பங்காகக் குறைத்துப் பச்சையிலிருந்து 15 பங்கைச் சிவப்பின் இடத்தில் கலந்தோம். செதுக்கினாற் போன்ற அந்தப் பூ மீண்டு வந்தது. எல்லாப் பூவுக்கும் இதே அளவு பொருந்தாது. மூன்று பங்குகளும் வழிந்து போன இடத்தில் எந்த மென்பொருளாலும் பயனில்லை.

எவ்வளவு குறைப்பது என்பதற்கு நினைவைச் சான்றாகக் கொள்ளலாகாது. பழகிய பொருள்களின் நிறத்தை மக்கள் நினைவிலிருந்து சொல்லும்போது உள்ளதைவிடச் செறிவாகவே சொல்லும் போக்கைப் பார்ட்டில்சன் என்பார் 1960-இல் வெளியிட்ட ஆய்வில் கண்டார். ஊரைவிட்டு வந்து முப்பதாண்டு ஆனவர்களின் காந்தள் எவ்வளவு சிவந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை! பூ கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் வாடுமுன் அதனைச் சாளரத்தருகே பகலொளியில் வைத்துத் திரையோடு ஒப்பிடுவதே முறை. குழல்விளக்கின் கீழ் ஒப்பிட்டால் இரண்டுமே பொய்க்கும்.

திரையும் ஒரே தன்மையதன்று. 1996-இல் ஹியூலட் பேக்கார்டும் மைக்ரோசாப்டும் வகுத்த எஸ்ஆர்ஜிபி என்னும் நிற எல்லையையே இணையத்துப் படங்கள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. செறிந்த ஆரஞ்சும் ஊதாவும் கொண்ட பூக்கள் சில அந்த வேலிக்கு வெளியே நிற்பவை. அவற்றை உள்ளே இழுக்கும்போதும் இதழ் தட்டையாகும். அச்சிலோ வேலி இன்னும் குறுகியது. நான்கு மைகளால் அச்சாகும் தாளில் திரையில் கண்ட நீலமும் ஊதாவும் சாம்பல் பூத்தாற்போல் மங்கும். நண்பர்கள் வெளியிட்ட ஒரு மலரின் அட்டைக்குக் காந்தள் படம் கொடுத்திருந்தார்கள். அச்சகத்தார் மங்கிவிடுமே என்று தாமாகவே நிறத்தை ஏற்றியதால் மஞ்சள் முழுதும் மறைந்து செங்கல் நிறத்தில் ஒரு பூ வந்து சேர்ந்தது. மாதிரித் தாளை ஒரு முறை கேட்டு வாங்கிப் பார்த்துவிடுவது எப்போதும் நல்லது.

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்புக்காக ஐந்திணைப் பூக்களின் படங்களை இம்முறையில் தொகுத்து வருகின்றோம். முல்லை நம் குடியிருப்பின் மாடத்துத் தொட்டியிலேயே கிடைத்தது. குறிஞ்சிக்குப் பாட்டியின் கடித உறையுடன் எடுத்த 2018-ஆம் ஆண்டுப் படம் இருந்தது. உறை வெள்ளையாகும்வரை திருத்திய பின், இப்போது பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்ட மகளிடம் காட்டினோம். "இன்னும் கொஞ்சம் நீலம் இருந்தது அப்பா" என்றாள். சேர்த்தோம். பாலைக்கு வெட்பாலையின் வெண்பூவை வைத்துள்ளோம். மருதம் எந்த மரம் என்பதில் வெண்மருதென்றும் பூமருதென்றும் கருத்து வேறுபாடு இருப்பதால் இரண்டின் படங்களையும் ஒட்டியுள்ளோம். நெய்தல்தான் அமையவில்லை. நெய்தல் எனப் பலரும் கொள்ளும் நீல அல்லியின் படங்கள் பத்துக்கு மேல் அன்பர்களிடமிருந்து வந்தன; பத்தும் பத்து நிறம். ஒன்றிலும் வெள்ளைத் தாள் இல்லை. வரும் கோடை விடுமுறையில் ஊர் செல்வோர், தம் ஊர்க் குளத்தில் அப்பூவைக் காண நேர்ந்தால், காலை வெயில் ஏறுமுன், ஒளியை ஒரு படி குறைத்து, அருகே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து எடுத்து அனுப்புமாறு வேண்டுகின்றோம். பயணச்சீட்டின் வெற்றுப் பின்புறமும் போதும்.